மடையான்

1996 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. மதுரைக்குக் கிழக்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரைக் கண்மாய்க்கரைக்கு நடத்திக் கூட்டிப் போயிருந்தேன். பாடம், பறவைகள். எதிர் வரப்பில் பழுப்பாக ஒன்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையை நீட்டி, "பாருங்கப்பா, அதுதான் கொக்கு" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மடையான் சார்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த வயதில் வாத்தியாருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். குரலுக்கு உரியவனை முன்னால் இழுத்து, காதைத் திருகி, "யாருடா மடையன்?" என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியும் அவன் பேச்சை மாற்றவில்லை. "அது சார். அது மடையான் சார்."

மடையில் மண்வெட்டியோடு நின்றிருந்த நீர்ப்பாய்ச்சிப் பெரியவர்தான் என்னைக் காப்பாற்றினார். "பய சரியாத்தானே சொல்றான் வாத்தியாரே. அது மடையான். மடைவாயில மீனுக்குக் காத்துக் கெடக்கும்ல, அதான். கொக்கு அந்தா, வெள்ளையா நிக்குது பாருங்க."

மடையனுக்கும் மடையானுக்கும் நடுவே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்தக் கால் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. நாங்கள் போட்ட சத்தத்தில் அந்தப் பறவை எழுந்து பறந்தது. பழுப்பு முழுக்க மறைந்து, தூய வெள்ளையாகச் சிறகு விரித்துப் போனது. முப்பத்திரண்டு பேரும் "ஏய்!" என்றார்கள். நானும் சொல்லியிருப்பேன், வாத்தியார் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளை. அருகே போகிற வரை அசையாது என்பதால் இதையே குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள் என்று பெரியவர் சேர்த்துச் சொன்னார். கண் தெரியாமல் இல்லை, தன் நிறத்தின் மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், நான் மதுரை நகரின் நடுவே, மாசி வீதிகளுக்கு உள்ளே வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த பறவைகள் மொத்தம் நாலு. முதலாவது காக்கா. அமாவாசைக்கு அப்பத்தா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சோறு வைத்து "கா கா" என்று கூப்பிடுவாள். அது வந்து வாய் வைக்கிற வரை எங்களுக்கு இலை போட மாட்டாள். சில சமயம் கழுத்தில் சாம்பல் பூசிய காக்கா வரும், சில சமயம் மொத்தமும் கறுப்பாக, தடித்த மூக்கோடு அண்டங்காக்கா வரும். அண்டங்காக்கா வந்தால் "பெரியவரே வந்துட்டாரு" என்று அப்பத்தாவுக்கு முகம் மலரும். இரண்டும் வேறு வேறு வகை என்பதை அவள் தாத்தாவை வைத்துப் பிரித்தாள். சாம்பல் கழுத்துள்ளது வீட்டுக்காகம் என்று நான் பிற்பாடு புத்தகத்தை வைத்துப் பிரித்தேன்.

இரண்டாவது, மீனாட்சி கோயில் மாடப்புறா. மூன்றாவது, எங்கள் தெரு ஓட்டு வீடுகளின் சிட்டுக்குருவி. நாலாவது கிளி. மதுரைப் பிள்ளைக்குக் கிளி தெரியாமல் இருக்க முடியுமா? அம்மன் கையிலேயே இருக்கிறது. கோயிலுக்குள் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு, அங்கே கிளிகளைக் கூண்டில் வைத்து வளர்த்த காலம் இருந்தது. வெளியே வந்தால், இறகு கத்தரித்த கிளி தத்தித் தத்தி வந்து ஜோசியச் சீட்டை எடுத்துக் கொடுக்கும். கிளி என்றால் கூண்டில் இருப்பது என்றுதான் பத்து வயது வரை நினைத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் கோபுரத்து இடுக்கிலிருந்து ஒரு கூட்டம் கீச்சிட்டபடி பச்சைக் கோடாகக் கிளம்பிப் போனதைப் பார்த்துத் திகைத்தேன். 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளியைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம் என்று இன்றைக்கும் பலருக்குத் தெரியாது.

இந்த நாலை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்தப் போயிருந்தேன். வகுப்பறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. அதில் நெருப்புக்கோழி, பென்குவின், கிவி. பறக்காத பறவைகளை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் கத்திக்கொண்டிருந்தது எது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டேன். சாமநத்தம் பக்கத்துப் பையன், அவன் தாத்தா கண்மாயில் மீன் பிடிப்பவர். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அன்று வாத்தியார்களுக்கு இல்லை. "இன்னும் என்னென்ன தெரியும்டா?" என்று மட்டும் கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அரிவாள் மூக்கன். முக்குளிப்பான். நத்தை குத்தி நாரை. பாம்புத்தாரா. நாமக்கோழி. வக்கா. ஆக்காட்டி. வாலாட்டி. தவிட்டுக்குருவி.

எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. நான் நடத்த வேண்டிய பாடம் முழுக்க அந்தப் பெயர்களிலேயே இருந்தது. மூக்கு எப்படி, நிறம் எப்படி, என்ன தின்னும், எப்படிக் கத்தும் என்று யாரோ நின்று நிதானித்துப் பார்த்து வைத்த பெயர்கள். நாமக்கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு முழுக்கக் கரி, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். ஒருமுறை சொன்னால் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். தவிட்டுக்குருவிக்குத் தவிட்டு நிறம். வக்கா ராத்திரியில் "வக்" என்று ஒரே ஒரு சத்தம் போட்டுக்கொண்டு தலைக்கு மேல் போகும். முக்குளிப்பான் இங்கே முங்கி அங்கே எழும். எங்கே எழும் என்று பந்தயம் கட்டிப் பிள்ளைகளோடு தோற்றிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து முறையை மாற்றினேன். பெயரைச் சொல்வது இல்லை. பறவையைக் காட்டி, "நீயே பேரு வை" என்பேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். சின்னக் கொக்கு என்று புத்தகம் சொல்கிறதே, கறுத்த மூக்கு, கறுத்த கால், பாதம் மட்டும் மஞ்சள், அதற்கு ஒரு பெண்பிள்ளை 'மஞ்சச் செருப்பு' என்று பெயர் வைத்தாள். அந்தச் செருப்பால் சேற்றைக் கிண்டித்தான் அது மீனைக் கிளப்புகிறது என்று பத்து நிமிஷத்துக்குள் அவளே கண்டுபிடித்தும் விட்டாள். மாட்டோடு மாடாக நடக்கிற கொக்குக்கு மூக்கு மஞ்சள். 'மாட்டுக்கொக்கு' என்றான் ஒருவன். ஊரில் அதற்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். மாட்டின் மேலிருக்கும் உண்ணியைவிட, மாடு நடக்கும்போது புல்லிலிருந்து தெறிக்கிற வெட்டுக்கிளிதான் அதற்குப் பிரதான சாப்பாடு.

மூக்குகளுக்கு ஒரு தனி வகுப்பு. வீட்டிலிருந்து சாமான் கொண்டுவரச் சொன்னேன். பாக்குவெட்டி, இடுக்கி, கோணி ஊசி, அகப்பை, வடிகட்டி, கதிர் அரிவாள். மேசை மேல் பரப்பிவைத்து, எந்தச் சாமான் எந்தப் பறவையின் வாயில் இருக்கிறது என்று கேட்டேன். பாக்குவெட்டி கிளிக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். அகப்பை கரண்டிவாயனுக்கு. அதை யாரும் பார்த்ததில்லை, பெயரைக் கேட்டே சொன்னார்கள். கோணி ஊசி மீன்கொத்திக்கா பாம்புத்தாராவுக்கா என்று சண்டை வந்தது. பாம்புத்தாரா மீனைக் குத்தியே பிடிக்கிறது என்பதால் ஊசியை அதற்கே கொடுத்தோம். நத்தை குத்தி நாரைக்குப் பொருத்தமான சாமான் கிடைக்கவில்லை. அதன் மேல்மூக்கும் கீழ்மூக்கும் நுனியில் சேரும், நடுவில் ஒரு சந்து இருக்கும். பாக்குவெட்டியை முழுக்க மூடாமல் பிடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும்.

பெயர் ஏமாற்றுவதும் உண்டு. நீர்க்காகம் காக்கா இனம் இல்லை. மின்கம்பியில் மந்தமாக உட்கார்ந்திருந்து, பறக்கும்போது நீலத்தை வாரி இறைக்கிற பனங்காடை, காடை இனம் இல்லை. செம்போத்து குயில் குடும்பம், ஆனால் தானே கூடு கட்டித் தானே அடைகாக்கும். குயிலோ காக்கா கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். சித்திரைத் திருவிழா நேரத்தில் விடியுமுன்பே கூவித் தள்ளுவது ஆண்குயில், கறுப்பு உடம்பு, சிவப்புக் கண். பெண் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டும் ஒரே பறவை என்று நான் சொன்னபோது ஒரு பிள்ளையும் நம்பவில்லை. கண்ணின் சிவப்பைப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் கழித்து வந்து ஒப்புக்கொண்டார்கள்.

ஒருநாள் ஒருத்தி, "கொக்குக்கு முட்டி பின்னாடி மடங்குதே சார்" என்றாள். அது முட்டி இல்லை, குதிகால். முட்டி மேலே இறகுக்குள் இருக்கிறது, பறவை எப்போதும் விரலில் நிற்கிறது என்று கரும்பலகையில் வரைந்தேன். வரைபடத்தை அவர்கள் மதிக்கவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக்கறி எடுத்தால் எலும்பைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றேன். திங்கட்கிழமை வகுப்பில் வீசிய வாசனையைப் பற்றித் தலைமையாசிரியர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் எல்லாருக்கும் கையில் எலும்பு. காலெலும்பை உடைத்தால் உள்ளே மஜ்ஜை இருந்த தடம். றெக்கையில் உடம்போடு சேருகிற மேலெலும்பை உடைத்தால் குழாய் மாதிரி வெறும் கூடு, உள்ளே காற்று. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் அந்த எலும்புக்குள்ளும் போகின்றன. பறவையின் உடம்பு ஏன் கனக்கவில்லை என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றே புறா இறகு ஒன்றையும் கையில் கொடுத்தேன். இறகின் இழைகளைப் பிரித்துவிட்டு விரலால் நீவினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒன்றையொன்று மாட்டிக்கொள்கின்றன. பறவை நாள் முழுக்க மூக்கால் கோதிக்கொண்டிருப்பது இந்த வேலைக்குத்தான். அன்று மத்தியானம் முழுக்க ஒருத்தரும் கணக்கு வாத்தியாரைக் கவனிக்கவில்லையாம்.

மடையான் பையனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் டவுசர் பையில் எப்போதும் ஒரு உண்டிவில் இருக்கும். ஆக்காட்டி பற்றி அவன் சொன்னது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத விளக்கம். "அது கத்துனா உண்டிவில்ல எடுக்கவே வேணாம் சார். ஆளக் காட்டிக் குடுத்துரும். கண்மாயில உள்ள எல்லாம் பறந்துரும்." ஆள்காட்டி என்ற பெயரை வேட்டைக்காரன் பக்கத்திலிருந்து அவன் படித்திருந்தான். மடையானைத் தூரத்திலிருந்தே பிரித்தறியத் தெரிந்ததும் அதனால்தான். அதை அடித்துத் தின்றிருக்கிறான்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு வெகுநாள் சங்கடம். பிறகு பறவையியலாளர் சாலிம் அலியின் கதையைப் படித்தேன். 1908 வாக்கில், பம்பாயில், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. பெயர் தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் அவனை விரட்டவில்லை. பாடம்செய்த பறவைகள் இருந்த அலமாரிகளைத் திறந்து காட்டினார். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தை எழுதியவர் அந்தச் சிறுவன்தான். மில்லார்டு அலமாரியைத் திறந்தார், நான் காதைத் திருகினேன். உண்டிவில்லை நான் பிடுங்கவில்லை. சனிக்கிழமைகளில் கூட்டத்துக்கு முன்னால் நடப்பது அவன் வேலை என்று ஆனபிறகு, அதை அவன் கொண்டுவருவது நின்றது.

ஒரு மார்கழியில் பஸ் பிடித்து வேட்டங்குடி போனோம். மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும், மேலூர் தாண்டித் திருப்பத்தூர் போகிற வழி, சிவகங்கை மாவட்டம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நாரையும் அரிவாள் மூக்கனும் கருவேல மரங்களில் கூடு கட்டும். மரமே தெரியாமல் பறவையாக இருந்தது. கீழே நின்றால் எச்சம் தலையில் விழும், விழுந்தது. அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, கூட்டில் இருக்கிற குஞ்சுகள் மிரளும் என்று. பிள்ளைகளுக்கு வந்த ஆச்சரியமெல்லாம் அதில்தான். கரையில் நின்ற ஒரு மூதாட்டியிடம், "வெடியே போட மாட்டீகளா ஆத்தா?" என்று கேட்டார்கள். "மத்தாப்புக் கூட கொளுத்த மாட்டோம். அதுக வீட்ல பிள்ளப்பேறு நடக்குது, நம்ம வெடி போட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நாங்கள் நடந்த வரப்புகளில் பாதி இன்று மனை. உலகநேரிக் கண்மாய் இருந்த பக்கம் 2004இல் உயர்நீதிமன்றக் கிளை வந்தது. வண்டியூர்க் கண்மாயைச் சுற்றி நகரம் முழுசாக மூடிக்கொண்டது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழை கண்மாயில் தண்ணீரை ஏற்றிவிட்டால் பறவை வரத்தான் செய்கிறது. சாமநத்தத்தில் சாக்கடைத் தண்ணீரும் கலக்கிறது, கூழைக்கடாவும் மிதக்கிறது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி மலைகளை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. 2015இலிருந்து ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணி இணையத்தில் பதிய வேண்டும். நானும் செய்கிறேன். ஒன்று மட்டும் சொல்வேன்: மார்ச் 20, சிட்டுக்குருவி நாள் வந்தால் செல்போன் கோபுரத்தைத் திட்டிப் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைக்கிறோமே, அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கூடு கட்டப் பொந்தும் குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் இருக்கிற இடத்தில் குருவி இருக்கிறது. அந்தக் கட்டுரை எழுதுகிற நேரத்தில் பலசரக்கு மூட்டை இறங்குகிற கீழமாசி வீதிப் பக்கம் ஒருமுறை கூட்டிப்போய்த் தேடச் சொல்லலாம்.

பிள்ளைகளுக்குப் பறவை காட்ட என்ன வாங்க வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். பைனாகுலர் இப்போதைக்கு வேண்டாம். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில், வெயில் ஏறுமுன், தண்ணீர் இருக்கிற எந்தக் கண்மாய்க்கரைக்கும் போங்கள். மதுரைக்காரர்களுக்கு மாடக்குளம் போதும். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் செல்போனைத் தடவாமல், கரையில் ஆடு மேய்க்கிறவரையோ மடையில் நிற்கிறவரையோ கேளுங்கள். கேட்டதற்கு "மடையான்" என்று பதில் வந்தால், தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம்.